சூளைக்குப் போகும் முன் சான்றிதழுக்குப் போங்கள்

அண்ணா, வணக்கம்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "பாப்பாவை நர்ஸ் படிக்க வைக்கலாமா, அவ்வளவு தூரம் அனுப்பலாமா?" வைக்கலாம், அனுப்பலாம். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னீர்கள். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போகிறோம், முன்பணம் வாங்கியாச்சு, பாப்பாவின் சாதிச் சான்றிதழைப் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள் என்றீர்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கியது.

நீங்கள் இருளர், பழங்குடி. மற்றவர்கள் கதை வேறு. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் என்றால் தாசில்தாரே சான்றிதழ் தந்துவிடுவார். பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பரிலிருந்து தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். விண்ணப்பம் என்னவோ இ-சேவை மையத்தில் பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அது மேஜை மேஜையாக நகரும். நேரில் வந்து விசாரிப்பார்கள், சொந்தக்காரர்களின் சான்றிதழைக் கேட்பார்கள், குலதெய்வம் எது, கல்யாணம் எப்படி நடக்கும், இறந்தவரை எப்படி அடக்கம் செய்வீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. மே மாதம் ரிசல்ட் வந்து, ஜூனில் விண்ணப்பம் போட வேண்டிய பெண்ணுக்கு, ரிசல்ட்டுக்கு அப்புறம் தொடங்கினால் எப்படிக் கைக்கு வரும்?

சில வருடங்களுக்கு முன்பு, வேறொரு மாவட்டத்தில், உங்கள் சமூகத்துப் பையன் ஒருவனோடு ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு "தெரியாது சார்" என்றான். "அப்ப என்ன இருளர்?" என்று சிரித்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 எடுத்த பையன் அண்ணா அவன். அந்தச் சான்றிதழ் வந்து சேர்ந்தபோது கவுன்சலிங் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு வருடம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு அடுத்த வருடம் சேர்ந்தான். நான் அவனை ஒரு வருடம் முன்பே அந்த அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மதிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது என் தப்பு.

இப்படிக் கெடுபிடி செய்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு பழங்குடி அல்லாதவர்கள் சான்றிதழ் வாங்கி வேலைக்கும் கல்லூரிக்கும் போன வழக்குகள் நிறைய நடந்திருக்கின்றன. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, சான்றிதழ் உண்மையா என்று சரிபார்க்கத் தனிக் குழுக்கள் வந்தன. இங்கே அதை மாநிலக் கூர்நோக்குக் குழு என்பார்கள். திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையே வெளியே நிறுத்துகிறது. பட்டியலில் ஓர் எழுத்து, ஒரு மாவட்டப் பெயர் விடுபட்டாலும் போச்சு. மலையாளி என்ற மலைவாழ் சமூகத்தைப் பாருங்கள், கேரளத்து மலையாளி இல்லை. சேலம், தர்மபுரி என்று மாவட்டம் குறித்துத்தான் அவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் பழங்குடி இல்லை என்றாகிவிட்டது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இருளர் மாநிலம் முழுவதற்கும் பட்டியலில் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. பாப்பாவின் டி.சி. நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் இல்லையா, அதில் சாதி என்ற இடத்தில் "வில்லி" என்று எழுதியிருக்கிறது. ஊரில் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், வாத்தியாரும் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். விசாரணையில் இது கட்டாயம் கேள்வியாக வரும். உங்களிடம் சான்றிதழ் இல்லை, ஆனால் உங்கள் சித்தப்பா மகனிடம் இருக்கிறது என்றீர்கள். அதுதான் நமக்குப் பெரிய பலம். அவர் உங்கள் ரத்த சொந்தம் என்று காட்டும் வம்சாவளியை ஒரு தாளில் எழுதி, அவர் சான்றிதழின் நகலையும் குடும்ப அட்டையையும் சேர்த்து வையுங்கள். கன்னியம்மாவைக் கும்பிடுவது, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது, இதையெல்லாம் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாப்பாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். எலி பிடிப்பாயா, பாம்பு பிடிப்பாயா என்று யாராவது கேட்டால் அவள் அழ வேண்டியதில்லை. பாம்பு பிடித்து விஷம் எடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் 1978இலிருந்து இருக்கிறது. 2023இல் இருளர் இருவருக்கு பத்மஸ்ரீயே கொடுத்தார்கள். அதற்காக எல்லா இருளரும் பாம்பு பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

அடுத்து, நீங்கள் விளம்பரத்தில் பார்த்ததாகச் சொன்ன மத்திய அரசுத் திட்டம். அது பி.எம். ஜன்மன். 2023 நவம்பர் 15, பிர்சா முண்டா பிறந்தநாளில் ஜார்க்கண்டில் தொடங்கியது. நாடு முழுவதும் மிகவும் பின்தங்கிய 75 பழங்குடிக் குழுக்களுக்காக சுமார் 24,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஆறு குழுக்கள் அதில் வருகிறார்கள். வீடு, சாலை, தண்ணீர், மின்சாரம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது முகாம்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இவற்றுக்காகக் குடியிருப்பு அருகிலேயே முகாம் போட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. கலெக்டர் அலுவலகத்தில் பழங்குடியினர் நலப் பிரிவில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது முக்கியம். வாய்ப்பேச்சுக்கு அங்கே ஃபைல் கிடையாது.

இனி சூளை. ஜனவரியில் போனால் ஜூன், ஜூலையில்தான் திரும்புவீர்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச். நடுவில் பாப்பா எங்கே இருப்பாள்? "அவளும் கூட வருவாள், பரீட்சைக்கு மட்டும் கொண்டுவந்து விடுவேன்" என்றால் நர்சிங் பேச்சையே விட்டுவிடலாம். தலைமை ஆசிரியரிடம் சொல்லி அரசு மாணவியர் விடுதியில் இப்போதே இடம் கேளுங்கள். 2025இல் இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம். விடுதியில் இடம் இல்லை என்றால் உங்கள் தங்கை வீட்டில் விடுங்கள். அப்புறம், அந்த முன்பணம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் முன்பணத்தைக் காட்டி உங்களை வெளியே விடாமல் வைத்தால் அது 1976 சட்டப்படி கொத்தடிமை. சான்றிதழ் விசாரணைக்கு வர வேண்டும் என்று முதலாளியிடம் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, நர்சிங். பாப்பா எடுத்திருப்பது பியூர் சயின்ஸ், அது போதும். நம் மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். பழங்குடியினருக்கு மாநில ஒதுக்கீடு 1 சதவீதம்தான், நூற்றுக்கு ஓர் இடம். அதற்கும் போட்டி உண்டு. அதனால் பி.எஸ்சி.யோடு மூன்று வருட டிப்ளமோ நர்சிங்குக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். நீட் எழுதச் சொல்லி ஒருவர் உங்களிடம் சொன்னாராம். ஒருமுறை எழுதட்டும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கடன் வாங்கி ஒரு வருடம் கோச்சிங் என்றால் நான் வேண்டாம் என்பேன். படித்து முடித்தால் வேலைக்கு மாநிலத்தில் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு, மத்திய அரசின் எய்ம்ஸ் தேர்வில் பழங்குடியினருக்கு 7.5 சதவீதம். இரண்டாவதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதே இல்லை. இங்கே நூற்றுக்கு ஒன்று, அங்கே நூற்றுக்கு ஏழரை. அதற்கு வெளி மாநிலம் போகும் தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இரண்டும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் இன்னொரு இனிஷியல் என்று பணம் மாதக்கணக்கில் நின்றுபோனதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டு என்று கேட்டால், கட்டும் முன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

தூரம் என்கிறீர்கள். பயம் எனக்குப் புரிகிறது. என் அனுபவத்தில் நம் பிள்ளைகள் படிப்பு வராமல் நிற்பது குறைவு. முதல் இரண்டு மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வருவார்கள், திரும்பிப் போக மாட்டார்கள். ஆங்கிலம் புரியவில்லை, சாப்பிடும் இடத்தில் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் "சரி விடு, இங்கேயே இரு" என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கூடவே போய் விட்டுவிட்டு வாருங்கள். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது என்று பாப்பா என்னிடம் தனியாகச் சொன்னாள். 2024இல் ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேர்ச்சி பெற்றார், பிரசவமான இரண்டாம் நாள் போய்ப் பரீட்சை எழுதியவர். இதைக் கேட்டுவிட்டு "பார்த்தாயா, கல்யாணம் ஆகியும் படிக்கலாம்" என்று பாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் அண்ணா. அந்தப் பெண்ணின் கஷ்டத்தை நம் வீட்டுக்கு விலைக்கு வாங்க வேண்டாம்.

வருகிற புதன்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை. டி.சி., குடும்ப அட்டை, ஆதார், உங்கள் சித்தப்பா மகனின் சான்றிதழ், எல்லாவற்றையும் மழைக்கு நனையாமல் கவரில் போட்டு எடுத்து வாருங்கள். பாட்டியையும் கூட்டி வாருங்கள். வம்சாவளியில் உங்கள் தாத்தாவோடு பிறந்தவர்கள் பெயர் வேண்டும். அது உங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரியும் என்றீர்கள்.