அய்ராக் குடிக்க முடியாவிட்டால்

வயிறு ஒத்துக்கொள்ளாதே, மங்கோலியாவில் அய்ராக் என்ற புளித்த குதிரைப்பாலைக் கொடுத்தால் எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மறுக்காதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கெர் கூடாரத்தில் நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் விட்டால்தான் மனவருத்தம். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டு, வலது கையை நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தாங்கி வாங்குங்கள். விளிம்பைப் பிடிக்காமல் அடியில் ஏந்துங்கள். உதட்டை நனைத்துவிட்டு அதே மாதிரி திருப்பிக் கொடுத்தால் போதும். மரியாதைக்காகக் காலி செய்தீர்களோ, உடனே நிரப்பிவிடுவார்கள்! அய்ராக்கில் லேசான போதையும் உண்டு. பழகாதவர்கள் நிறையக் குடித்தால் பேதிதான். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த சூத்தேய் சாய் என்ற பால்தேநீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஆருல் என்ற காய்ந்த தயிர்க்கட்டியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளாமல் வாயில் ஊறவையுங்கள். நுழையும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது, விருந்தாளி உட்கார வேண்டியது இடப்பக்கம்.