மனைவியும் இல்லை, பிள்ளைகளும் வெளியில்: தனிய இருப்பவருக்குப் பௌத்தம் என்ன சொல்கிறது?

ஐயா, மனைவி காலமாகி ஒரு வருடம், பிள்ளைகள் கனடாவில், யாழ்ப்பாணம் சுன்னாகத்து வீட்டில் நீங்கள் தனிய என்று எழுதியிருக்கிறீர்கள். 'தனிமையைப் பழகிக்கொள்' என்பதுதான் பௌத்தத்தின் பதிலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழகச் சொல்வதும் உண்டு, ஆனால் அது பிறகு. தொடக்கத்திலேயே அதைப் பிடித்துக்கொள்பவர்கள்தான் கஷ்டப்படுவது.

உதானம் என்ற பாளி நூலில் மேகியர் கதை இருக்கிறது. புத்தருக்குப் பணிவிடை செய்துவந்த பிக்கு (பௌத்தத் துறவி) அவர். ஆற்றங்கரையில் ஒரு மாந்தோப்பைக் கண்டதும் அங்கே தனியே தியானம் செய்ய விரும்பினார். 'இன்னொரு பிக்கு வரும்வரை பொறு' என்று புத்தர் இரண்டு தரம் சொல்லியும் கேளாமல், மூன்றாம் தரம் கேட்டு விடைபெற்றுப் போனார். போன இடத்தில் ஆசையும் கோபமும் பிறரை வருத்தும் எண்ணமும் மொய்த்துவிட்டன. திரும்பி வந்தவரிடம், பக்குவப்படாத மனதைப் பக்குவப்படுத்த ஐந்து விஷயம் வேண்டும் என்றார் புத்தர். முதலாவது நல்ல நண்பர். ஒழுக்கம், பயனுள்ள பேச்சு, முயற்சி, ஞானம் ஆகிய மற்ற நாலும் அந்த நட்பின் வழியே வரும் என்பது அவர் கணக்கு. ஆகவே இரவு எட்டு மணிக்குப் பிறகு பழைய காணிச் சண்டை தலைக்குள் சுற்றினால், தோப்பில் மேகியருக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கிறது.

தனிய இருந்துகொண்டே நட்பை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதற்கு அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று பிக்குகள் நல்ல உதாரணம். ஒரே காட்டில் இருந்தார்கள். பிச்சையிலிருந்து முதலில் திரும்புபவர் இருக்கை போட்டுத் தண்ணீர் எடுத்து வைப்பார், கடைசியாக வருபவர் கூட்டித் துடைப்பார். குடம் பாரமென்றால் கையைக் காட்டி மற்றவரைக் கூப்பிடுவார், பேச்சில்லை. ஆனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுக்க இருந்து கதைப்பார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நாள் குறித்திருந்ததுதான். 'நேரம் கிடைக்கும்போது வாறன்' என்ற ஏற்பாடு தனிமையில் இருப்பவருக்கு உதவாது, காத்திருப்பைத்தான் கூட்டும். வாசிகசாலையோ கோயில் மடமோ, ஒருவரோடு கிழமையையும் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பியிருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கலாம். வயிற்றோட்டத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த பிக்குவைப் புத்தர் தன் சீடர் ஆனந்தரோடு சேர்ந்து குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தினார். அந்த இடத்தில் அவர் தியானம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி மைத்திரி தியானம், அதாவது ஒவ்வொருவராக மனதில் வைத்து அவர் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் பயிற்சி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் புத்தகோசர் என்ற பிக்கு எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், யாரை முதலில் யாரைப் பிறகு நினைப்பது என்று இதற்கு வரிசை தருகிறது. காலையில் பதினைந்து நிமிடம் போதும். முழங்கால் நோவோடு சப்பாணி கட்டத் தேவையில்லை, கதிரையில் இருக்கலாம். முதலில் உங்களுக்கு: 'பகையின்றி, துன்பமின்றி, கலக்கமின்றி, சுகமாக இருப்பேனாக.' அடுத்து, உயிரோடு இருக்கும், நீங்கள் மதிக்கும் ஒருவர். படிப்பித்த ஆசிரியர் போல.

மகளை இரண்டாவதாக வைக்க மனம் இழுக்கும். வைக்க வேண்டாம். மிக நெருங்கியவருக்குச் சின்னத் துன்பம் வந்தாலும் அழுகை வந்துவிடும் என்று அந்த நூலே எச்சரிக்கிறது. அன்புக்கு அருகிலேயே நின்று அதைப்போலத் தோன்றும் எதிரி பற்று. 'மகள் சுகமாக இருக்கட்டும்' என்று தொடங்குவது, பத்தாவது நிமிடத்தில் 'ஏன் இன்னும் வாட்ஸ்அப்பில் எடுக்கேல்லை' என்று ஃபோனைப் பார்ப்பதில் முடியும்.

இறந்தவரையும் இதில் வைக்கக் கூடாது. அந்த நூலில் வரும் இளம் பிக்கு ஒருவர் தன் ஆசிரியருக்கு மைத்திரி செய்து பார்த்தும் மனம் ஒருமைப்படவேயில்லை. மூத்தவர் ஒருவர் ஆளைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். ஆசிரியர் ஏற்கெனவே இறந்திருந்தார். மனைவிக்குச் செய்ய வேண்டியது தானம். அவர் பெயரில் ஒருவருக்குச் சாப்பாடு கொடுத்து அந்தப் புண்ணியத்தை அவருக்கு உரித்தாக்குவது பௌத்த வழக்கம். ஆட்டத்திவசத்தில் அன்னதானம் கொடுத்த கைக்கு இது புதிதல்ல. மணிமேகலையும் தெரியாத தீவில் தனியே கண்விழித்து அழுதவள்தான். அங்கிருந்து அவள் கொண்டுபோனது பசித்தவருக்குச் சோறிடும் பாத்திரம்.  

முதல் இரண்டு படியும் இலகுவான பிறகு மகளைச் சேருங்கள். அதற்கடுத்தது விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர். தனிய இருப்பவருக்கு மிகவும் பிரயோசனமான படி இதுதான் என்பேன். காலையில் ஒழுங்கையால் போகும் மீன்காரரைப் போல, தினம் கண்ணில் படும் ஒரே ஆளை ஒரு மாதம் வைத்திருங்கள். ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் மனம் எவரிலும் ஊன்றாது. அவர் இரண்டு நாள் வராவிட்டால் என்ன நடந்தது என்று விசாரிக்கத் தோன்றும். விசாரியுங்கள். பகையாளிக்கு, அதாவது அந்தக் காணிச் சண்டைக்காரருக்கு, முறை அதற்கும் பிறகு. அவரை இப்போதைக்குத் தொட வேண்டாம்.