ஔவையாருக்கு முன்னால் ஒரு சுந்தராம்பாள் இருந்தார்

போன வாரம் நம் குழுவில் ஒரு தம்பி ‘பழம் நீயப்பா’ பாட்டைப் போட்டுவிட்டு, “இந்தப் பாட்டி யார், நன்றாகப் பாடுகிறாரே” என்று கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் முப்பது வருடம் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்தவன் நான். கடைக்கு வந்த கேசட்டில் பாதியில் இந்தக் குரல்தான் இருக்கும். சரி, கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாய்விட்டேன். இரண்டு நாளில் இத்தனை கேள்விகள். மழை, கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. அதனால் ஒரே மூச்சில் எழுதியது இல்லை, முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி: தாத்தா, ஔவையாராக நடித்தபோது அவருக்கு நிஜமாகவே எவ்வளவு வயது? எண்பது இருக்குமா?

இல்லை தம்பி. அவர் பிறந்தது 1908 அக்டோபரில். ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது 1953இல், அப்போது நாற்பத்தைந்தைக்கூடத் தாண்டவில்லை. நீங்கள் போட்ட பாட்டு வரும் ‘திருவிளையாடல்’ 1965, அதில் ஐம்பத்தேழை நெருங்குகிறார். கோலும் நரைமுடியும் வேஷம், ஆனால் அந்த விபூதியும் வெள்ளைச் சேலையும் வேஷம் இல்லை, அது வேறு கதை, கீழே வருகிறது. நமக்கெல்லாம் அவர் பாட்டியாகவே பிறந்து பாட்டியாகவே பாடியவர் மாதிரி ஒரு நினைப்பு. இருபது வயதில் அவர் மேடை ஏறினால் ஊரே திரண்ட காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலிப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள்.

பண்ணைக்காட்டு அக்கா ஒருவர்: ரயிலில் பாடிப் பிச்சை எடுத்தவர் என்று என் மாமியார் சொல்வார். உண்மையா?

ரயிலில் பாடியது உண்மை அக்கா. பிச்சை என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கொடுமுடியில் காவிரிக் கரையில் பிறந்தவர். அம்மா பெயர் பாலாம்பாள், கே.பி. என்ற எழுத்துகள் கொடுமுடியும் பாலாம்பாளும்தான். அப்பா இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்க அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. குழந்தை ரயிலில் பாடியதைக் கேட்டு, ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கண்டெடுத்தார் என்பது பரவலாகச் சொல்லும் கதை. அப்புறம் வேலு நாயர் நாடகக் கம்பெனி. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவர் பாடினால் கொட்டகையே அழும் என்பார்கள். பசி என்ன என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. பாடம், சங்கீதம், வசனம் எல்லாம் கம்பெனியில் கேட்டுக் கேட்டுப் படிந்தவைதான்.

பெருமாள்மலையிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்: கிட்டப்பா கதையை எழுதுங்கள் ஐயா, காதல் கல்யாணமா?

எதிர்பார்த்த கேள்வி. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அந்தக் காலத்து மேடையின் ராஜா, 1906இல் பிறந்தவர், இவரைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். இருவரும் சேர்ந்தது இலங்கையில், 1926இல், கொழும்பில். அதற்கு முன்னாலேயே இலங்கைக்குப் போய் நடித்துப் பேர் வாங்கியிருந்தார் இவர். கிட்டப்பா வருகிறார், அவர் குரலுக்கு முன்னால் இந்தப் பெண்ணால் நிற்க முடியாது என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. நின்றார். ‘வள்ளி திருமண’த்தில் வேடனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் இரண்டு பேரும் மாறி மாறிப் பாட, யார் ஜெயித்தார் என்று கேட்க வந்த கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். நாடகம் பார்க்கப் போனார்களா, பாட்டுப் போட்டி பார்க்கப் போனார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். கிட்டப்பா ஐயர் வீட்டுப் பிள்ளை, இவர் வேறு சாதி. அந்த வருடத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை தங்கவில்லை. நடுவில் பிணக்கு, பிரிவு. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னால் அச்சில் வந்தன. அவற்றைப் படித்தால் ‘அமரகாதல்’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதில் பாசம் இருக்கிறது, கெஞ்சல் இருக்கிறது, கோபமும் அவமானமும் அதே அளவுக்கு இருக்கிறது. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார், வயது இருபத்தேழு. இவருக்கு இருபத்தைந்து.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகை கிடையாது, எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை. கடைசிவரை அதை மாற்றவில்லை. இதை ‘பத்தினி’ என்று கொண்டாடுகிறார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை, நீங்கள் சண்டைக்கு வந்தாலும் சரி. ஒரு நடிகைக்கு இருபத்தைந்து வயதில் கதாநாயகி வேஷம் எல்லாம் மூடிப்போய்விட்டது. மீதி இருந்தது சாமியார், பக்தர், கிழவி. அந்தச் சந்துக்குள்ளேயே நடந்து அவர் தமிழ்நாட்டில் யாரும் எட்டாத உயரத்துக்குப் போனார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வில்பட்டியிலிருந்து: முதல் படத்துக்கே ஒரு லட்சம் வாங்கினாராமே, கதை விடுகிறீர்களா?

விடவில்லை. படம் ‘நந்தனார்’, 1935. தயாரித்தவர் அசன்தாஸ், இயக்கியவர் எம்.எல். டாண்டன். சினிமா வேண்டாம் என்று தட்டிக்கழிக்க ஒரு லட்சம் கேட்டாராம், அந்த மனிதர் சரி என்றுவிட்டாராம். அப்போது ஒரு பவுன் முப்பது ரூபாய்க்குக் கீழே. கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

இதில் இன்னொரு வேடிக்கை. நந்தனார் வேஷம் கட்டியதே இவர்தான், ஆண் வேஷம். ஜோடி கிடையாது என்ற சபதத்துக்கும் பங்கம் இல்லை. நந்தனின் ஆண்டையான வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சேரியிலிருந்து வரும் நந்தன் வேஷத்தில் இருக்கும் ஒரு பெண் முன்னால் அவ்வளவு பெரிய வித்வான் கும்பிட்டு நிற்பதா என்று அன்றைக்குப் பேச்சு கிளம்பியது. படத்தை எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் கிழித்துத் தொங்கவிட்டார். பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்கிற தோரணையில் எழுதினார். மேடையில் கடைசி வரிசைக்குத் தெரிய நடித்துப் பழகியவர் காமெரா முன்னால் முதல் தடவை நின்றால் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் 1940இல் ‘மணிமேகலை’, 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’. முப்பது வருடத்துக்கு நாலே படம். இன்றைக்கு இப்படி இருந்தால் ஆளையே மறந்துவிடுவோம்.

மன்னவனூரிலிருந்து ஒரே வரியில்: என்னென்ன விருது?

1969இன் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, ‘துணைவன்’ படத்துக்கு. சின்ன ஸ்ரீதேவி முருகனாக வருவாரே, அந்தச் சின்னப்பா தேவர் தயாரித்த படம். அதற்கு முந்தைய வருடம் அதே விருது பி. சுசீலாவுக்கு, ஆக அடுத்தடுத்து இரண்டு வருடமும் தமிழ்ப் பாட்டுக்கே. 1970இல் பத்மஸ்ரீ. தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டம் 1966இல். தேசிய விருது வாங்கும்போது அறுபதைத் தாண்டிவிட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழனி அடிவாரத்திலிருந்து ஒரு அண்ணன்: முருகன் பாட்டு என்றால் ஏன் இந்தக் குரல்தான் வேண்டியிருக்கிறது? எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்களே.

அண்ணே, நீங்களே கேட்கிறீர்களா! பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துத் தீர்த்தக்காவடியாக உங்கள் ஊருக்குத்தானே நடந்து வருகிறார்கள். அந்தத் தண்ணீர் வரும் வழியில்தான் இந்தக் குரலும் வந்தது என்று எனக்கு ஒரு நினைப்பு. கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை ஔவை சமாதானம் செய்யும் இடம் பழனி, அதைப் பாடியவர் கொடுமுடிக்காரர். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் மேகம் விலகும்போது உங்கள் மலை கீழே சின்னதாகத் தெரியும். அங்கே நின்று அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் பாடுவதில் குழைவு கிடையாது. கெஞ்சிக் கூப்பிடுவதில்லை. வீட்டுப் பெரியவள் வாசலில் நின்று, “டேய், உள்ளே வா” என்று சொல்வது மாதிரி இருக்கும். சாமியை அதட்ட உரிமை உள்ள குரல் அது.

கொடைக்கானலில் பாட்டு கற்றுக்கொள்ளும் ஒரு பெண்: தப்பாக நினைக்காதீர்கள் சார், எனக்கு அவர் கத்துகிற மாதிரி இருக்கிறது.

தப்பாக நினைக்கவில்லை அம்மா, நல்ல கேள்வியே இதுதான். அவர் குரல் உருவானபோது மைக் இல்லை. கீற்றுக் கொட்டகை, ஆயிரக்கணக்கில் ஜனம், பிள்ளை அழும், முறுக்கு விற்பவன் கத்துவான், அதையெல்லாம் தாண்டித் தரை டிக்கெட்டின் கடைசி ஆள்வரை பாட்டு போக வேண்டும். சத்தம் மட்டும் போனால் போதாது, சொல்லும் போக வேண்டும், ஏனென்றால் கதையே பாட்டில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் எதிர்மலைத் தோட்டத்தில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுகிறோம்? வெறுமனே கத்தினால் பள்ளத்தில் விழுந்துவிடும். பெயரைத் தெளிவாகச் சொல்லி, கடைசி நெடிலை இழுத்து, சுருதி இறங்காமல் பிடிப்போம். அவர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். நெடில் எழுத்தில் ஏறி நிற்பார், குறிலில் நிற்கவே மாட்டார். ழகரம், றகரம் ஒன்றுகூட விழுங்கப்படாது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரலை மெலிதாக்கித் தப்பிப்பது கிடையாது, கீழே இருந்த அதே கனத்தோடு மேலே போகிறார். இன்றைக்கு நீங்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பழகுகிறீர்கள், அது வேறு வித்தை, அதைக் குறை சொல்லவில்லை. ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகளாக வந்து ‘வாழ்க்கை என்னும் ஓடம்’ பாடுகிறாரே, அதை வீட்டில் சின்ன ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு வெளியே நடந்து போய்க் கேளுங்கள். வாத்தியம் எல்லாம் மங்கிப்போன பிறகும் சொல் காதில் விழும். பக்கத்தில் கேட்க உண்டான குரல் இல்லை அது.

தாண்டிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அரசியலிலும் இருந்தார் அல்லவா?

இருந்தார் ஐயா. கிட்டப்பா உயிரோடு இருக்கும்போதே மேடையில் தேசியப் பாட்டு உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ‘காந்தியோ பரம ஏழை சந்நியாசி’ இசைத்தட்டில் இவர் குரலில் ஊர் ஊராகப் போயிற்று. 1931இல் மோதிலால் நேரு இறந்தபோது பாடிய இரங்கல் பாட்டும் அப்படியே. துக்கத்தில் வீட்டுக்குள் முடங்கியவரைப் பேசிப் பேசி வெளியே கொண்டுவந்தவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. காங்கிரஸ் தேர்தல் கூட்டத்தில் இவர் பாட்டு முடியும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்களாம், அப்புறம் பேசுகிறவர்களுக்குத்தான் கஷ்டம். கொடுமுடி வீட்டுக்குக் காந்தி வந்து தங்கத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று கேட்டு வாங்கிப் போனதாக ஒரு கதை உண்டு. அந்த மனிதர் கேட்கக்கூடியவர்தான். 1951இல் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் சினிமாக்காரர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். பின்னால் வந்த முதலமைச்சர்களை எல்லாம் எண்ணும்போது இவரை ஒருத்தரும் ஞாபகம் வைப்பதில்லை.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: எங்கள் பரணில் கருப்புத் தட்டுகள் ஏழெட்டு கிடைத்தன. ஒன்றில் சுந்தராம்பாள் பெயர். பூஞ்சை பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம். இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் இருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், பாட்டும் கூடவே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, பஞ்சுத் துணி, வரி ஓடும் திசையிலேயே துடையுங்கள், நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படக்கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், வளையும். அடுப்படிப் பக்கமும் கூடாது. காய்ந்ததும் படுக்கப் போட்டு அடுக்காமல் நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள், நம் ஊர் ஈரத்துக்கு உறையில் பழைய செய்தித்தாள் வேண்டாம், அதுதான் பூஞ்சைக்கு வீடு. பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான ஊசியை அதன் மேல் வைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் ஓடும்.

லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன், சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன், ஊசி மட்டும் நாலு மிச்சம்.