ஆழமில்லாத நீரில் பிக்கரலுக்கு ஜிக் போட எந்த லைன் வாங்குவது?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மே மாதம் சீசன் திறந்ததும் கவார்த்தா ஏரிகளுக்குப் பிக்கரல் (வாலாய்) மீன் பிடிக்கப் போவோம். ஐந்தடி முதல் எட்டடி ஆழம். பாறையும் செடியும் கலந்த இடம். 1/8 அவுன்ஸ் ஜிக்கில் (பாரத் தலை வைத்த தூண்டில் முள்) ரப்பர் மீன் கோத்துப் போடுகிறேன். ரீலில் இருப்பது 12 பவுண்ட் தங்கூசி (ஒற்றை இழை நைலான் லைன்). மீன் கடிப்பதே கைக்குத் தெரிவதில்லை. பிரெய்டுக்கு (பல இழை பின்னிய லைன்) மாறு என்கிறார் நண்பர். ஃபுளோரோகார்பன் போடு என்கிறார் கடைக்காரர். எதை வாங்க?

பதில்: 10 பவுண்ட் பிரெய்ட் வாங்குங்கள். அதன் முனையில் 8 பவுண்ட் ஃபுளோரோகார்பனை லீடராக, அதாவது ஜிக்கோடு சேரும் கடைசித் துண்டாகக் கட்டுங்கள். நண்பர் சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் பாதிப் பாதி சரி. செலவு வேண்டாம் என்றால் அதே தங்கூசியில் 6 பவுண்டுக்கு இறங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

லைன் பெட்டியில் எல்லோரும் பவுண்டைத்தான் (லைன் அறாமல் தாங்கும் பாரம்) பார்ப்பார்கள். ஆழமில்லாத நீரில் பார்க்க வேண்டியது தடிமனை. 12 பவுண்ட் தங்கூசி சுமார் 0.33 மில்லிமீட்டர் தடிமன். 6 பவுண்ட் 0.23 அளவில் வரும். 10 பவுண்ட் பிரெய்ட் 0.15 முதல் 0.20-க்குள் அடங்கிவிடும். உங்கள் ஜிக்கின் எடையோ மூன்றரை கிராம்தான். அந்த எடையால் தடித்த லைனை நீருக்குள் இழுத்துக்கொண்டு இறங்க முடியாது. காற்று லைனைப் பிடித்து வில்லாக வளைக்கும்; ஜிக் தரைக்குப் போகாமல் நடுநீரில் மிதந்து வரும். போதாததற்கு நைலான் நன்றாக நீளும், நனைந்தால் இன்னும் இளகும். இருபது மீட்டர் தள்ளி மீன் தொட்டால் அந்த அதிர்வை வளைவும் இழுவையும் தின்றுவிடும். கைக்கு ஒன்றும் வந்து சேராது.

பிக்கரல் கடிக்கும் விதமும் இதற்குத் துணைபோகிறது. அது பாய்ந்து கவ்வி இழுப்பது குறைவு. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். பெரும்பாலும் ஜிக் விழுந்துகொண்டிருக்கும்போதே இது நடந்துவிடும். கையில் ஒரு சின்னத் ‘டிக்’ வரலாம், வராமலும் போகலாம். அதனால் கடியைக் கையால் உணர்வதோடு கண்ணாலும் பிடிக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் அல்லது வெளிர்பச்சை பிரெய்ட் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். முதல் வீச்சில் ஜிக் தரை தொடும்வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தில் தரை என்றால், அடுத்த வீச்சில் மூன்று எண்ணும்போதே லைன் நின்றுவிட்டாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ அது மீன். அந்தக் கணமே கோலைத் தூக்குங்கள்.

பிரெய்டில் குறைகளும் உண்டு. அது நீளாது. அதனால் கடித்ததும் வெடுக்கென்று இழுத்தால், மீன் முழுதாக உறிஞ்சும் முன்பே ஜிக் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். ஆறரை அடியில், நுனி மட்டும் வளையும் மீடியம் லைட் கோல் இந்த வேகத்தைத் தணிக்கும். டிராகையும் (ரீலின் பிரேக்) சற்றே இளக்கி வையுங்கள். லைனை இறுக்கி, மணிக்கட்டால் ஒரு வீச்சு கொடுத்தால் முள் ஏறிவிடும். இன்னொரு குறை, பிரெய்ட் நீரைவிட லேசானது. மேலே மிதந்து காற்றுக்கு ஆடும். கோல் நுனியை நீருக்கு அருகே தாழ்த்திப் பிடித்தால் வளைவு குறையும்.

மூன்றாவது குறை உங்கள் ஏரிகளில் முக்கியமானது. கவார்த்தாவில் பாறைகளில் சீப்ரா சிப்பி ஒட்டியிருக்கிறது. இறுகிய பிரெய்ட் அந்த ஓட்டு விளிம்பில் உரசினால் சட்டென அறுந்துபோகும். லீடர் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இந்த உரசல்தான். மீனின் கண்ணுக்கு லீடர் எளிதில் தெரியாது என்பது இரண்டாவது. ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, நைலானுக்கு 1.53 அளவு, தண்ணீருக்கு 1.33. தண்ணீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்க லைன் கண்ணில் படுவது குறையும். தெளிந்த நீரிலும் பகல் வெளிச்சத்திலும் இது உதவும். கலங்கிய நீரிலோ பொழுது சாயும் நேரத்திலோ இதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

அப்படியானால் ரீல் முழுக்க ஃபுளோரோகார்பனே சுற்றினால் என்ன? ஸ்பின்னிங் ரீலுக்கு நான் சொல்லமாட்டேன். அது விறைப்பானது, மே மாதக் குளிரில் இன்னும் விறைக்கும். ஸ்பூலின் (லைன் சுற்றும் உருளை) வளையத்தை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு சுருள் சுருளாகக் குதித்து வெளியே வரும். நீரைவிட ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தி என்பதால், ஐந்தடி நீரில் லைன் மொத்தமும் இறங்கிச் செடிமேல் படுத்துவிடும்.

லீடர் 75 முதல் 90 சென்டிமீட்டர் போதும். அந்த நீளத்தில் வீசும்போது முடிச்சு கோல் நுனிக்கு வெளியே இருக்கும், கோலின் வளையத்தில் தட்டாது. நீர் மிகத் தெளிவாக இருந்தால் ஒன்றரை மீட்டர் வரை போகலாம். அப்போது முடிச்சைச் சின்னதாகக் கட்ட வேண்டும். இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு எளிது. பிரெய்ட் பக்கம் எட்டுச் சுற்று, ஃபுளோரோகார்பன் பக்கம் ஐந்து. இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள், மெதுவாக இழுங்கள். உலர்ந்தபடி வேகமாக இழுத்தால் உரசல் சூட்டில் ஃபுளோரோகார்பன் பலவீனப்பட்டுவிடும். பிறகு மீன் அறுத்துக்கொண்டு போகும்போது லைனின் முனையைப் பாருங்கள். பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. சொரசொரப்பாக இருந்தால் கல்லோ சிப்பியோ. கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மஸ்கி (கூர்பல் உள்ள பெரிய மீன்). அதற்குப் பயந்து கம்பி லீடர் போட்டுவிடாதீர்கள்; இவ்வளவு லேசான ஜிக்கின் ஆட்டத்தை அது கெடுத்துவிடும். ஜிக்கை நேராக லீடரிலேயே கட்டுங்கள். தளர்வான வளைய முடிச்சு என்றால் ரப்பர் மீன் தாராளமாக ஆடும்.

சுற்றுவதிலும் கவனம் வேண்டும். வெறும் ஸ்பூலில் பிரெய்டைக் கட்டினால் பாரம் விழும்போது மொத்தக் கட்டும் ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுழலும். அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் தங்கூசி சுற்றி, அதன்மேல் பிரெய்டை ஏற்றுங்கள். உங்கள் பழைய 12 பவுண்டே இதற்கு ஆகும். ஈரத்துணியால் லைனைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றி, ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். தளர்வாகச் சுற்றியதும் விளிம்புவரை நிரப்பியதும்தான் வீசும்போது கொத்தாக வெளியே வந்து சிக்காகும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பெயில் கம்பியை (ரீலில் லைனைப் பிடிக்கும் வளைந்த கம்பி) கையால் மூடி, லைனை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் 6 பவுண்ட் தங்கூசியை முன்னே வைப்பேன். ஒன்று, உயிர்மீன் இரை கோத்து மெதுவாக இழுக்கும்போது. லைன் சற்று நீண்டுகொடுப்பதால் மீன் சந்தேகப்படாமல் உறிஞ்சும். மற்றது, உறைநிலைக்குக் கீழான காலை. பிரெய்ட் தண்ணீரைச் சுமந்துவந்து வளையங்களில் பனியாக அடைத்துவிடும். தங்கூசி வெயிலில் நைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பாறையில் ஒருமுறை சிக்கி விடுபட்டாலும், லீடரின் கடைசி அரை மீட்டரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத கீறல் உதட்டில் வைத்து இழுத்தால் தெரியும். கீறல் பட்டால் அந்த இடம்வரை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஜிக் விடுபடவே இல்லையென்றால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலைந்து சுற்றுச் சுற்றி நேராக இழுங்கள். லீடர் 8 பவுண்ட் என்பதால் அறுவது அங்கேதான். பிரெய்ட் முழுதாகத் திரும்பி வரும், ஏரியிலுள்ள லூன் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ள லைன் மிஞ்சாது.

லைனை மாற்றியபின் எடையையும் சோதித்துப் பாருங்கள். காற்றில்லாத நாளில் 1/16 அவுன்ஸ் போதும். அலை எழும் நாளில், எவ்வளவு மெல்லிய லைனாக இருந்தாலும், 1/4 அவுன்ஸ் வேண்டியிருக்கும்.