யார் மனம் புண்பட்டது?

கேள்வி: அமெரிக்காவில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று சொன்னாலே பிற மதத்தவர் மனம் புண்படுகிறதாம். 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். யார் மனமும் நோகாமல் பேச வேண்டும் என்கிற 'பொலிட்டிகல் கரெக்ட்னஸ்' இந்த அளவுக்கா முற்றிவிட்டது?

பதில்: யார் மனம் புண்பட்டது, ஆளைக் காட்டுங்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார் என்று கல்லாவில் இருப்பவரிடம் சண்டைக்குப் போன யூதரையோ முஸ்லிமையோ இந்துவையோ நான் கண்டதில்லை. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டை எழுதிக் கொடுத்த இர்விங் பெர்லினே யூதர்தான். அந்தப் பாட்டு இடம்பெற்ற 1942ஆம் ஆண்டுப் படத்திலேயே 'ஹேப்பி ஹாலிடே' என்றும் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அன்று யாரும் மதம் அழிகிறது என்று கூச்சல் போடவில்லை.

புண்பட்டவர்களை வேறு பக்கம் தேடுங்கள், நிறையக் கிடைப்பார்கள். 2005இல் அதிபர் புஷ் அனுப்பிய வாழ்த்து அட்டையில் பைபிள் சங்கீத வசனமே இருந்தது. 'கிறிஸ்துமஸ்' என்ற சொல் மட்டும் இல்லை. அவருடைய ஆதரவாளர்களே பொங்கிவிட்டார்கள். 2015இல் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை நிறுவனம் தன் சிவப்புக் கோப்பையில் வழக்கமான பனிப்பூ, கலைமான் படங்களைப் போடாமல் வெறுமனே விட்டது. கிறிஸ்துவையே கோப்பையிலிருந்து துடைத்துவிட்டதாக ஒரு ரகளை! (கலைமான் எந்தச் சுவிசேஷத்தில் வருகிறது?) புறக்கணிக்கலாமா என்று மேடையில் கேட்டார், அப்போது வேட்பாளராக இருந்த டிரம்ப்.

கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கு அங்கே அபராதம் போட்டதும் உண்டு. 1659இல், மாசசூசெட்ஸில், ஐந்து ஷில்லிங். போட்டவர்கள் பியூரிட்டன்கள், பரம பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். பைபிளில் இல்லாத பண்டிகை என்பது அவர்கள் வாதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது.

மறுபக்கத்தில் அசட்டுத்தனமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2011இல் ரோட் ஐலண்ட் மாநில ஆளுநர் கிறிஸ்துமஸ் மரத்தை 'ஹாலிடே மரம்' என்றார். அந்த மரத்தை வேறு யார், எந்தப் பண்டிகைக்கு நடுகிறார்கள்? அதற்குப் பெயர் மாற்றுவது வீண் வேலை.

கடையில் நடப்பது வேறு. எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கும் பெண், வரிசையில் வருபவர் யார் என்ன என்று தெரியாமல் எல்லோருக்கும் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்கிறாள். நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங், யூதர்களின் ஹனுக்கா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நான்கும் அதில் அடக்கம். உடனே ஒருவர் கவுன்டர் மேல் சாய்ந்து, 'மெர்ரி கிறிஸ்துமஸ்!' என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தித் திருத்துகிறார். அது வாழ்த்தா, அதட்டலா? இத்தனைக்கும் 'ஹாலிடே' என்பதே 'புனித நாள்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

தெரிந்தவரானால் அவர் பண்டிகையின் பெயரைச் சொல்லி வாழ்த்துங்கள். தெரியாதவரிடம் வாய்க்கு வந்த வாழ்த்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு யாராவது ஹனுக்கா வாழ்த்துச் சொல்லிவிட்டால், 'உங்களுக்கும்' என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிப் பாருங்கள்.