தம்பட்டமா, பறையா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இந்த ஆண்டு நூறு வயது. விழா பேனருக்கு ‘பள்ளியின் பெருமையைத் தம்பட்டம் அடிக்கும் விழா’ என்று எழுதிக் கொடுத்தேன். பழைய மாணவர் ஒருவர், ‘நம்மை நாமே கிண்டல் பண்ற மாதிரி இருக்கே’ என்கிறார். தம்பட்டமும் கொட்டுதானே, இதில் என்ன தவறு?

பதில்: அவர் சொல்வது சரிதான். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

தம்பட்டம் தோல்கருவிதான். ஆனால் இன்று ‘தம்பட்டம் அடிக்கிறான்’ என்றால் யார் காதிலும் கொட்டுச் சத்தம் விழாது. தன் பெருமையைத் தானே பேசித் திரிகிறான் என்றுதான் படும். ‘சுயதம்பட்டம்’ என்ற சொல் வேறு வந்து அதை உறுதியாக்கிவிட்டது.

உங்களுக்கு வேண்டிய சொல் பறைசாற்றுதல். மரச்சட்டத்தில் தோலை ஒட்டி, வாசிக்கும் முன் தீயில் காட்டி விறைப்பேற்றி, ஒரு கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி என்று வாசிக்கிறார்களே, அதுதான் பறை. பறைதல் என்றாலே சொல்லுதல்; மலையாளத்தில் இன்றும் ‘பறையுக’ அன்றாடப் பேச்சு. அறைதலும் அப்படித்தான், அடிப்பதும் அதுவே, சொல்வதும் அதுவே. வள்ளுவர் இரண்டையும் சேர்த்து, கேட்ட ரகசியத்தை ஊரெல்லாம் பரப்பும் கயவரை ‘அறைபறை அன்னர்’ (1076) என்கிறார். காதலை மறைக்கத் தெரியாமல் காட்டிக்கொடுக்கும் கண்ணும் அவருக்கு ‘அறைபறை’தான் (1180). ஆக, பறைக்கு எப்போதும் நல்ல பெயர் மட்டும் இருந்ததில்லை. ‘பறைசாற்று’ என்ற கூட்டுச்சொல்லில்தான் அந்தக் கறை ஒட்டவில்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கல்வெட்டு சோழர் சிறப்பைப் பறைசாற்றுகிறது’ என்றால் அழகு, ஏனென்றால் சாட்சி பேசுகிறது. ‘எங்கள் சிறப்பை நாங்கள் பறைசாற்றுகிறோம்’ என்றால் மறுபடி தம்பட்டத்தின் பக்கத்தில் போய் நிற்கிறோம். உங்கள் வாக்கியத்தில் விழாதான் எழுவாய், அதனால் பயமில்லை.

‘தண்டோரா போடும் விழா’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது ஊருக்கு அரசு அறிவிப்புச் சொல்லும் வேலை. 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, அந்த வழக்கத்தையே நிறுத்தி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லச் சொன்னார். பேச்சுவழக்கிலோ, ‘அவகிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா போட்டுடுவா’ என்ற பொருள்தான் மிச்சம்.

அப்புறம், ஒற்று. பேனர் எழுதுபவர் ‘பறைச்சாற்றும்’ என்று ஒரு ச் சேர்த்துவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். கைதட்டு, மரம்வெட்டு போல இதிலும் ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது (பறையைச் சாற்று), ஒற்று மிகாது. ‘பெருமையைப்’ என்பதில் ஐ வெளிப்படையாக வருவதால் அங்கே ப் கட்டாயம் வேண்டும்: ‘பள்ளியின் பெருமையைப் பறைசாற்றும் விழா.’