வாசலில் மூன்று தட்டு

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் வியன்னாவில் இருக்கிறேன். போன மாதம் இங்கே கப்புச்சின் துறவிகள் சபைக் கோவிலுக்கு அடியில் இருக்கும் நிலவறைக் கல்லறைக்குப் போனேன். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் ஏறக்குறைய 150 பேர் உலோகப் பேழைகளில் வரிசையாக இருக்கிறார்கள். அப்படி ஓர் அமைதி. அங்கே நடக்கும் கதவு தட்டும் சடங்கை யூடியூபில் பார்த்துக் கண் கலங்கினேன். பட்டங்களைச் சொன்னால் திறக்காத கதவு, ‘பாவி’ என்றதும் திறக்கிறது. போன வருடம் அப்பா இறந்தபோது எங்கள் ஊரில் நடந்தது ஞாபகம் வந்தது. கொட்டு, வெடி, ஒப்பாரி, பந்தலில் சாப்பாட்டுச் சண்டை. மரணத்தை மதிக்கத் தெரியாத சனம் நாம் என்று வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் அம்மா இங்கே வருகிறார். அவரை அங்கே அழைத்துப் போகலாமா, சங்கடப்படுவாரா?

ம., வியன்னா

அன்புள்ள ம.,

அப்பா போன துக்கம் ஒரு வருடத்தில் ஆறாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறு சமயமாக இருந்தால் ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன். போன வாரம் எங்கள் குடியிருப்பில் ஒரு சாவு. பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போதே வாட்ஸப் குழுவில் ஒருவர், ‘சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு’ என்று எழுதினார். அடியில் கூப்பிய கை பொம்மை வேறு. அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் உங்கள் கடிதம்.

முதலில் அந்த வீடியோ. நீங்கள் பார்த்தது 2011 ஜூலையில் நடந்த ஓட்டோ ஃபொன் ஹாப்ஸ்பர்க்கின் அடக்கமாக இருக்கும். கடைசிப் பேரரசரின் மூத்த மகன், 98 வயதில் போனார். அவருடைய தாய் சீட்டாவுக்கும் 1989ல் இதே சடங்கு நடந்தது. கதவைத் தட்டுகிறார்கள், உள்ளேயிருந்து துறவி ‘யார்?’ என்கிறார். ஹங்கேரி, பொஹீமியா, டால்மேஷியா என்று பட்டங்கள் நீள்கின்றன. ‘தெரியாது.’ இரண்டாம் முறை அவர் படிப்பு, வகித்த பதவிகள். ‘தெரியாது.’ மூன்றாம் முறை, சாகப் பிறந்த பாவி ஓட்டோ. கதவு திறக்கிறது.

எனக்கும் தொண்டை அடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீடியோ கதவடியில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் ஸ்தேவான் பேராலயத்தில் பெரிய பூசை, பிறகு நகர மையத்தின் தெருக்களில் சீருடையும் வாத்தியமுமாக ஊர்வலம். அதையெல்லாம் யாரோ வெட்டிவிட்டார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காகவே பட்டங்களை ஒன்றுவிடாமல் வாசிக்கிறார்கள். பணிவுக்கும் ஒரு பந்தா. நம் ஊர் தேர்ப்பாடை இதைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றும். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அமைதியான மரணத்துக்கு வியன்னாவையா உதாரணம் காட்டுவது? சாவுச் சடங்கை ஆடம்பரமாக நடத்துவதில் பேர் வாங்கிய ஊர் அது. ‘அழகான பிணம்’ என்று அவர்கள் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. நல்ல கூட்டம், நல்ல பாட்டு, முடிந்ததும் நல்ல சாப்பாடு என்று விமரிசையாக நடக்கும் அடக்கத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

இந்த ஆடம்பரத்தை ஒழிக்க ஓர் ஆள் கிளம்பினார். அவரும் அந்த நிலவறையில்தான் இருக்கிறார். பேரரசர் இரண்டாம் யோசப். 1784ல் உத்தரவு போட்டார்: பிணத்துக்கு உடை வேண்டாம், துணிப் பையில் தைத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சவப்பெட்டியும் ஆளுக்கொன்று கூடாது. அடிப்பலகை திறக்கும் பெட்டி போதும். குழிக்கு மேலே வைத்துத் திறந்தால் பை உள்ளே விழும், பெட்டி அடுத்தவருக்குப் போகும். மரம் மிச்சம், உடலும் சீக்கிரம் மக்கும். கணக்குப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. சனங்கள் கொதித்துவிட்டார்கள். சில மாதங்களில், 1785 தொடக்கத்தில், பெட்டி உத்தரவை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. செத்த பிறகும் நாறிக் கிடக்கத்தான் ஆசை என்றால் எப்படியோ புதைத்துக்கொள்ளுங்கள் என்ற எரிச்சல் அந்த வாபஸிலேயே இருக்கும். அவரும் உங்களைப் போல நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பித்தார், ம.

அவருடைய பெட்டியைக் கவனித்தீர்களா? அலங்காரமே இல்லாத செம்புப் பெட்டி. அதற்குப் பின்னால் மலை மாதிரி நிற்கிறதே, அது அவருடைய அப்பா அம்மாவின் இரட்டைப் பேழை. ஃபிரான்ஸ் ஸ்டீபனும் மரியா தெரேசாவும் உயிர்த்தெழும் நாளில் கண்விழித்து ஒருவரை ஒருவர் பார்ப்பதாக, சிற்பி மோல் வெள்ளீயத்தில் செய்தது. இருவரும் உயிரோடு இருந்தபோதே, 1754ல் தயார்.

நான் சொல்ல வந்தது அந்த அம்மாவைப் பற்றி. கணவர் 1765ல் திடீரென்று இறந்தார். பதினாறு பிள்ளை பெற்றவள், பாதி ஐரோப்பாவோடு சண்டை போட்டவள், தலைமுடியை வெட்டிக்கொண்டாள். சாகும்வரை பதினைந்து வருடம் கறுப்பைத் தவிர வேறு உடுத்தவில்லை. அந்த நிலவறைக்கு இறங்கி இறங்கி வந்தாள். தன் பிரார்த்தனைப் புத்தகத்தில் கணவர் வாழ்ந்த காலத்தை மாதமாக, வாரமாக, நாளாக, மணியாகக் கணக்குப் போட்டு எழுதி வைத்தாள். மணவாழ்க்கை 29 வருடம், 6 மாதம், 6 நாள். இது ஒப்பாரி இல்லாமல் வேறென்ன?

என் அத்தை ஒருத்தி இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. மாமா செத்த அன்று உடம்பின் தலைமாட்டில் உட்கார்ந்து இதே கணக்கைத்தான் பாடினாள். வந்த வருடம், வாங்கிய மாடு, மழை பொய்த்த வருடம், அவர் அடித்த நாள், அதற்கு மறுநாள் பூ வாங்கி வந்தது. பட்டணத்து உறவுக்காரர் ஒருவர், ‘போதும் அக்கா, நாகரிகமாக இருப்போம்’ என்றார். அத்தை பாட்டை நிறுத்தாமலே அவர் பெயரையும் சேர்த்து, அவர் மாமாவிடம் வாங்கித் திருப்பித் தராத பணத்தையும் சேர்த்து இரண்டு வரி கட்டிப் பாடிவிட்டாள். பந்தலே சிரித்தது. சிரித்துவிட்டுத் திரும்ப அழுதது. அப்புறம் பிறந்தவீட்டுக் கோடி வந்தது, பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். அவரவருக்கு ஒரு வேலை இருந்தது, அழுவதும் அதில் ஒன்று. நீங்கள் பார்த்த அமைதி அந்த நிலவறையில் அழ வேண்டியவர்கள் எல்லாரும் செத்துப்போனதால் வந்தது. அந்த அமைதியை அப்பாவைப் புதைத்த அன்று உங்கள் வீட்டுப் பந்தலில் தேடியிருக்கிறீர்கள்.

வெடிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சாப்பாட்டுச் சண்டை எல்லா விசேஷத்திலும் உண்டு, விடுங்கள். கொட்டுமேளத்தைப் பற்றி மட்டும் ஒன்று. அதை அடித்தவர்களை உங்கள் வீட்டில் எங்கே நிறுத்தியிருந்தார்கள், எதில் சாப்பாடு கொடுத்தார்கள்? அதற்கு வெட்கப்பட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்துகொள்வேன். சத்தம் காதில் விழுந்திருக்கிறது, ஆள் கண்ணில் படவில்லை.

நேரம் கிடைத்தால் 71ஆம் எண் டிராமில் ஏறி மத்திய இடுகாட்டுக்குப் போங்கள். ஒருவர் இறந்தால் ‘71ல் ஏறிவிட்டார்’ என்று வியன்னாவில் கேலியாகச் சொல்வார்களே, அதே டிராம்தான். அங்கே அடக்கச் சடங்குகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. யோசப்பின் அடிப்பலகைப் பெட்டியையும் வைத்திருக்கிறார்கள். பலகையைத் திறக்கும் அந்த நெம்புகோலைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அம்மாவைக் கேட்டீர்கள், மறந்தே போனேன். தாராளமாக அழைத்துப் போங்கள். இரட்டைப் பேழைக்கு முன்னால் நிறுத்தி அந்தப் பிரார்த்தனைப் புத்தகக் கணக்கைச் சொல்லுங்கள், உங்களைவிட அவருக்கு நன்றாகவே புரியும். கீழே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் அங்கே வாய்விட்டு அழுதால் காவலாளியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.